கடலாமை பார்க்கப் பழகுவது எப்படி? மணல் தடத்திலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

முதல் இரவிலேயே கடலாமை தட்டுப்பட்டால் அது அதிர்ஷ்டம். பலருக்கு அப்படி அமைவதில்லை. நான்கு மணி நேரம் கால் புதையப் புதைய நடந்துவிட்டு, உடம்பெல்லாம் உப்புப் பிசுபிசுப்போடு திரும்புவார்கள். அதோடு வராமலே நின்றுவிடுபவர்களும் உண்டு. நானும் முதல் இரண்டு பருவம் ஆமையைத் தேடித்தான் ஓடிக்கொண்டிருந்தேன். காலடியில் கிடந்த தடங்களை மிதித்துக்கொண்டே போயிருக்கிறேன் என்பது பிற்பாடுதான் உறைத்தது. நல்ல தடம் ஒன்று கிடைத்தால், வந்தது எந்த இனமாக இருக்கும், எந்தப் பக்கம் ஏறியது, முட்டையிட்டதா, சும்மா திரும்பியதா, ஏறக்குறைய எப்போது இறங்கியது என்பதையெல்லாம் சொல்லிவிடலாம். அதனால் இங்கே வரிசை இப்படி: முதலில் தடம், அப்புறம் குழி, அதற்குப் பிறகுதான் ஆமை. கடல் கடைசியில்.

கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கடலாமை நுரையீரலால் மூச்சுவிடும் ஊர்வன. வாழ்வதெல்லாம் கடலில்தான், ஆனால் அதன் முட்டையை நீரில் போட்டால் உள்ளே இருக்கும் கரு மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஆகவே பெண் ஆமை கரையேறியே ஆக வேண்டும். ஆணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குஞ்சாக ஒருமுறை மணலைக் கடந்து கடலில் இறங்கினால் பெரும்பாலும் அதோடு சரி. (ஹவாயிலும் கலாபகஸ் தீவுகளிலும் பச்சை ஆமைகள் கரையேறி வெயில் காய்வது விதிவிலக்கு.) பல பத்தாண்டுகள் நீளும் வாழ்க்கையில் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தைத்தான் நாம் மணலில் பார்க்கிறோம். அதுவும் அதற்குப் பழக்கமில்லாத இடத்தில். முன்கால்கள் நீருக்குள் பறப்பதற்காக இறக்கைபோல நீண்டுவிட்டன, பின்கால்கள் சுக்கானாகிவிட்டன. நிலத்து ஆமைபோலத் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவும் முடியாது. பயந்தால் கடலுக்குத் திரும்புவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. கரையில் நாம் கடைப்பிடிக்க வேண்டிய கட்டுப்பாடுகள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

படி 1: ஏழு இனங்களைப் பிரித்துப் பழகுங்கள்

உலகில் இன்று இருப்பவை ஏழே இனங்கள். பறவை பார்ப்பவர்களைப்போல நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதலில் ஏழுவரி ஆமையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குத் தகடு தகடான கெட்டி ஓடே கிடையாது. கறுப்பு ரப்பர் போன்ற தோல், அதன்மேல் கழுத்திலிருந்து வாலை நோக்கி ஓடும் ஏழு வரிகள். ஓடு மட்டுமே ஒன்றரை மீட்டர் அளவுக்கு இருக்கும். எடை சாதாரணமாக 300 முதல் 500 கிலோ. 1988-இல் வேல்ஸ் கரையில் ஒதுங்கிய ஓர் ஆண் 916 கிலோ இருந்தது. இதை வேறு எதோடும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

மற்ற ஆறையும் பிரிக்க ஒரு கணக்கு இருக்கிறது. முதுகோட்டின் நடுவே ஒரு வரிசைத் தகடுகள் ஓடும். அதன் இரு பக்கமும் விலாத் தகடுகள். அவற்றை எண்ணுங்கள். பக்கத்துக்கு நான்கு என்றால் பச்சை ஆமை (பேராமை என்றும் சொல்வார்கள்), அழுங்காமை, தட்டை ஓட்டு ஆமை மூன்றில் ஒன்று. ஐந்து என்றால் பெருந்தலை ஆமை அல்லது கெம்ப் ஆமை. ஆறோ அதற்கு மேலோ இருந்தால், அதுவும் இடது பக்கம் ஆறு, வலது பக்கம் ஏழு என்று ஒழுங்கில்லாமல் இருந்தால், சிற்றாமை. பங்குனி ஆமை என்றும் இதற்குப் பெயர் உண்டு.

பச்சை ஆமைக்கும் அழுங்காமைக்கும் குழப்பம் வந்தால் முகத்தைப் பாருங்கள். இரு கண்களுக்கும் நடுவே, மூக்குக்கு மேலே, பச்சை ஆமைக்கு ஒரு ஜோடிச் செதில். அழுங்காமைக்கு இரண்டு ஜோடி. அழுங்காமையின் வாய் கிளி மூக்குபோலக் கூர்ந்திருக்கும், ஓட்டுத் தகடுகள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். பச்சை ஆமையின் ஓட்டில் பச்சையைத் தேடி ஏமாறாதீர்கள். ஓடு பழுப்பாகவும் இருக்கும், கறுப்பாகவும் இருக்கும். பெயர் வந்தது உள்ளே இருக்கும் கொழுப்பின் நிறத்தால்.

நீங்கள் நிற்கும் கரை எந்தக் கடலில் இருக்கிறது என்பதே பாதி விடை. தட்டை ஓட்டு ஆமை ஆஸ்திரேலியாவில் மட்டும்தான் முட்டையிடுகிறது. கெம்ப் ஆமைக்கு வீடு மெக்சிகோ வளைகுடா. ஆகவே மற்ற பல கரைகளில் இரண்டு, மூன்று இனங்களைப் பிரிக்கத் தெரிந்தாலே போதும். இன்னொன்று: தகடுகளின் எண்ணிக்கையில் பிறவியிலேயே மாறுபாடு வரும். ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். கட்டங்களை எண்ணி ஆமையின் வயதைச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். செத்த ஆமையின் முன்கால் எலும்பை அறுத்து வளையம் பார்த்து மதிப்பிடுவது உண்டு. ஓட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

படி 2: தடத்தைப் படியுங்கள்

இரவு நடைக்கு முன் சில நாள் விடியற்காலை நடைக்குப் போங்கள். வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் மணலின் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் இருக்கும். தடம் தானாகக் கண்ணில் படும். வெயில் ஏறிவிட்டால் அதே தடம் தட்டையாகத் தெரியும், காற்றும் மனிதக் கால்களும் சேர்ந்து மிச்சத்தை அழித்துவிடும்.

தடம் கண்டதும் மேலே ஓடாதீர்கள். தண்ணீர் ஓரத்திலேயே நின்று ஒரு நிமிடம் பாருங்கள். இடது துடுப்பின் அடையாளமும் வலது துடுப்பின் அடையாளமும் நேருக்கு நேர் இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா? நேருக்கு நேர் என்றால், இரண்டு முன்துடுப்புகளையும் சேர்த்து ஊன்றி உடம்பை உந்தி உந்தி வந்திருக்கிறது. பச்சை ஆமையும் ஏழுவரி ஆமையும் அப்படித்தான் ஏறும். மாறி மாறி என்றால், குழந்தை தவழ்வதுபோல ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் வைத்து வந்திருக்கிறது. சிற்றாமை, கெம்ப் ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை நான்கும் அந்த ரகம்.

அடுத்தது அகலம். ஒரு அளவு டேப் எடுத்துப் போங்கள். சிற்றாமைத் தடம் 70, 80 சென்டிமீட்டர். பச்சை ஆமைக்கு ஒரு மீட்டர் அளவில் வரும், நடுவில் வால் குத்திக்கொண்டே போன புள்ளிகள் தெரியும். ஏழுவரி ஆமை ஏறிய இடம் ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலமாக, டிராக்டர் போனதுபோலக் கிடக்கும். சிற்றாமை 35 முதல் 50 கிலோதான் என்பதால் காய்ந்த மணலில் அதன் தடம் மிக மேலோட்டமாக விழும். நல்ல காற்று அடித்தால் இரண்டே மணி நேரத்தில் மறைந்துவிடும்.

ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது? துடுப்பு மணலைப் பின்னால் தள்ளும். ஒவ்வொரு துடுப்பு அடையாளத்திலும் மணல் குவிந்திருக்கும் பக்கம் ஆமை வந்த திசை. இரண்டு தடமும் குறுக்கிடும் இடம் கிடைத்தால் இன்னும் எளிது, மேலே படிந்திருப்பது இறங்கிய தடம்.

இதோடு கடலின் ஏற்ற வற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு விடியலில் அளந்தபோது ஏறிய தடம் 12 மீட்டர், இறங்கிய தடம் 18 மீட்டர். ஆமை வந்தபோது தண்ணீர் மேலே நின்றிருக்கிறது, திரும்பும்போது 6 மீட்டர் கீழே போயிருக்கிறது. அதாவது கடல் வற்றத் தொடங்கிய பிறகு வந்திருக்கிறது. இரண்டு தடங்களும் ஒரே கோட்டில் வெட்டினதுபோல நின்றுபோயிருந்தால், ஏற்றம் முடிவதற்கு முன்பே அது வந்து போய்விட்டது. கீழ்ப்பாதியை அலை கழுவிவிட்டது. அன்றைய ஏற்ற நேரம் தெரிந்திருந்தால் மணிக்கணக்கை ஓரளவு சொல்லிவிடலாம். கையில் ஆமை இல்லாமலே அதைப் பற்றி இவ்வளவு தெரியவருவதில் ஒரு தனி சுகம் உண்டு. பழகினால் உங்களுக்கும் பிடித்துப்போகும்.

படி 3: முட்டையிட்டதா, திரும்பிவிட்டதா?

ஏறுகிற எல்லா ஆமையும் முட்டையிடுவதில்லை. தடம் வளைந்து, மணலை எங்கும் கிளறாமல் திரும்பியிருந்தால் அது வெற்று ஏற்றம். பாதி தோண்டிய குழி திறந்தபடி கிடந்தாலும் அப்படித்தான். தோண்டும்போது வேர், கல், குப்பை தட்டுப்பட்டிருக்கலாம்; மணல் ரொம்பக் காய்ந்திருந்து குழி சரிந்துகொண்டே இருந்திருக்கலாம்; ஒரு விளக்கோ நாயோ மனிதனோ பயமுறுத்தியிருக்கலாம். அதே இரவில் கொஞ்ச தூரம் தள்ளியோ, அடுத்த ஓரிரு இரவிலோ அது மறுபடி ஏறும்.

முட்டையிட்ட இடத்தில் மணல் சுற்றிலும் வாரி இறைக்கப்பட்டிருக்கும். புதியவர்கள் எல்லோரும் அங்கே தெரியும் பெரிய பள்ளத்தில்தான் முட்டை இருக்கிறது என்று நினைப்பார்கள். பச்சை ஆமை முட்டையை மூடிய பிறகு, முன்துடுப்பால் மணலைப் பின்னால் எறிந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரும். கடைசியாக அது விட்டுப்போகும் பள்ளத்தில் ஒன்றும் இருக்காது. முட்டைகள் அதற்குப் பின்னால், மேடாகத் தெரியும் மணலுக்கு அடியில். கூடு திருட வருபவர்களை ஏய்க்க இது போதுமா என்றால், கொஞ்சம் போதும்.

உறுதிசெய்கிறேன் என்று குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள். ஒரு முட்டை உடைந்தாலே அந்த வாடைக்கு எறும்பும் நண்டும் நாயும் வரும். உலகின் பெரும்பாலான நாடுகளில் கடலாமையும் அதன் முட்டையும் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. அனுமதி பெற்றவர்கள் மட்டுமே தொடலாம். பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்யும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் ஏழு இனங்களும் இருக்கின்றன.

படி 4: ஆமை ஏறும்போது

கறுப்பு அல்லது கரும் உடை. வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். டார்ச் இருந்தால் சிவப்பு வெளிச்சம் மட்டும், அதுவும் அணைத்தே இருக்கட்டும். ஆமையின் கண் நீலம், பச்சை ஒளிக்கு ஏற்றது. சிவப்பு அதற்கு மங்கலாகத்தான் படும். பத்து நிமிடம் இருட்டில் நின்றால் நட்சத்திர வெளிச்சமே உங்களுக்குப் போதும். ஈர மணல் ஓரமாக நடங்கள். முன்னால் ஒரு கறுப்பு உருவம் அலையிலிருந்து பிரிந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதன்முதலில் பார்த்த ஆமை மேல்மணலை எட்டுவதற்குள் டார்ச்சை அடித்துவிட்டேன். அது தலையைத் தூக்கி நின்றது, பிறகு அரைவட்டம் அடித்து நேராகக் கடலுக்குள் போய்விட்டது. என்னோடு வந்த ஆறு பேரும் அதற்குப் பிறகு அன்று என்னிடம் பேசவில்லை. முட்டையிடத் தொடங்கும் வரை ஆமை எதற்கும் மிரளும். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கிட்டே போகலாம், அதுவும் பின்பக்கமாக, குனிந்து, ஒன்றிரண்டு பேராக. முகத்துக்கு நேரே போகவே வேண்டாம்.

பின்பக்கம் உட்கார்ந்தால் நல்ல காட்சியும் அங்கேதான். முதலில் மேல்மணலை ஒதுக்கி உடம்பு அமர ஒரு பள்ளம் செய்துகொள்ளும். பிறகு முட்டைக்குழி. வலது பின்துடுப்பு மெல்ல இறங்கும். நுனி உள்பக்கமாகச் சுருண்டு ஒரு கை மணலை அள்ளும், சிந்தாமல் மேலே வந்து ஓரமாக வைக்கும். உடம்பு லேசாக மறுபக்கம் சாயும். இடது துடுப்பு தன் பக்கம் கிடக்கும் மணலை ஒரு விசிறு விசிறித் தள்ளிவிட்டு உள்ளே இறங்கும். வலது, இடது, வலது, இடது. துடுப்பு எட்டாத ஆழம் வரும்வரை இதே கதி. குழி கழுத்து குறுகி அடி அகன்ற குடுவைபோல இருக்கும். இத்தனைக்கும் அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பின்துடுப்பைச் சுறாவுக்கோ வலைக்கோ இழந்த ஆமைகளும் வருவதுண்டு. இல்லாத துடுப்பின் முறை வரும்போது அந்தக் குட்டைத் தண்டு காற்றில் இறங்கி, எதையும் அள்ளாமல் மேலே வரும். பிறகு நல்ல துடுப்பின் முறை. வரிசை மாறவே மாறாது. இதைப் பார்க்க நேர்ந்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது.

முட்டைகள் இரண்டும் மூன்றுமாக, பிசுபிசுப்பான திரவத்தோடு விழும். டேபிள் டென்னிஸ் பந்து அளவு. ஓடு கெட்டியாக இல்லாமல் தோல்போல வளைந்து கொடுப்பதால் விழும்போது உடைவதில்லை. பெரும்பாலான இனங்களில் ஒரு குழிக்கு நூறு, நூற்றிப்பத்து என்று இருக்கும். தட்டை ஓட்டு ஆமை மட்டும் ஐம்பது அளவில் நிறுத்திக்கொள்ளும், ஆனால் முட்டை பெரிது. கண்ணிலிருந்து வழியும் நீரைப் பார்த்து, வலியில் அழுகிறது என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் உப்புச் சுரப்பி, உடம்பில் சேரும் கூடுதல் உப்பைக் கடல்நீரைவிட அடர்த்தியான கண்ணீராக வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அது வழிந்துகொண்டுதான் இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை.

மூடும் வேலையில் இனத்துக்கு இனம் பாணி மாறும். சிற்றாமை, கெம்ப் ஆமை இரண்டும் மணலைத் தள்ளி மூடிவிட்டு, உடம்பை இடமும் வலமும் ஆட்டி அடியோட்டால் தொப் தொப்பென்று தட்டி இறுக்கும். அமைதியான இரவில் அந்தச் சத்தம் தூரத்துக்குக் கேட்கும். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடித்துவிடும் அவசரக்காரி அது. பச்சை ஆமைக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

ஒருமுறை வந்தவள் அதோடு போய்விடமாட்டாள். ஏழுவரி ஆமை பத்து நாளுக்கு ஒருமுறை, பச்சை ஆமை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று அந்தப் பருவத்திலேயே பலமுறை ஏறும். அப்புறம் இரண்டு, மூன்று ஆண்டுகள், சில நேரம் அதற்கு மேலும் வரவே வராது. கரையை விட்டுத் தொலைவில் மேய்ந்து கொழுப்புச் சேர்க்கும் காலம் அது. ஒரு குழியில் இருக்கும் முட்டைகளுக்கு ஒரே தகப்பன் என்றும் சொல்ல முடியாது. பெண் ஆமை பல ஆண்களோடு சேரும். விந்தணுவைச் சேமித்து வைத்து அடுத்தடுத்த முட்டைகளுக்குப் பயன்படுத்தும்.

சிற்றாமைகளும் கெம்ப் ஆமைகளும் கூட்டமாக ஏறுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பானிய மொழியில் இதை அரிபாடா, அதாவது வருகை, என்பார்கள். கோஸ்டா ரிகாவின் ஓஸ்தியோனல், ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் சில இரவுகளுக்குள் ஆயிரக்கணக்கில், நல்ல ஆண்டுகளில் லட்சக்கணக்கில் ஏறும். முந்தின இரவில் வைத்த முட்டைகளை அடுத்த இரவில் வரும் ஆமையே தோண்டி வெளியே போடுவதும் நடக்கும். இப்படி வீணாகியும் இந்த முறை நிலைத்திருப்பதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் எளிமையானது: தின்ன வரும் பிராணிகள் எவ்வளவு தின்றாலும் தீராத அளவு முட்டையும் குஞ்சும் ஒரே நேரத்தில் வந்துவிடுகின்றன. கெம்ப் ஆமை இதைப் பட்டப்பகலில் செய்யும். மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கரையில் 1947-இல் எடுத்த படச்சுருளை வைத்து, ஒரே நாளில் சுமார் 40,000 பெண் ஆமைகள் ஏறியதாகக் கணித்தார்கள். முட்டை அள்ளியதாலும் இறால் இழுவலைகளாலும் 1985-இல் பருவம் முழுவதற்குமே 702 கூடுகள் என்ற நிலைக்கு அது வந்தது. அதற்குப் பிறகு கரைக்காவலும், இழுவலையில் சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் கம்பிச் சட்டமும் வந்து கொஞ்சம் மீட்டன.

படி 5: முட்டை காத்திருக்கும் நாட்கள்

இங்கே நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டியதுதான் அதிகம். குஞ்சு பொரிக்க 45 முதல் 70 நாள் வரை ஆகும். மணல் சூடாக இருந்தால் சீக்கிரம். முட்டையிட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் உள்சவ்வில் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். கோழி முட்டையில் இருப்பதுபோல மஞ்சள் கருவைப் பிடித்து நிறுத்தும் முறுக்கிழை இதில் இல்லை. அதனால் அதற்குப் பிறகு முட்டையை உருட்டினால் கரு இறந்துவிடும். ஆபத்தான இடத்துக் கூட்டை மாற்ற வேண்டியிருந்தால் பயிற்சி பெற்றவர்கள் அன்றிரவே மாற்றுவதும், ஒவ்வொரு முட்டையையும் எடுத்த நிலையிலேயே வைப்பதும் இதனால்தான். நல்லெண்ணத்தோடு மறுநாள் தோண்டி இடம் மாற்றியவர்கள் நூறு குஞ்சுகளைக் கொன்றிருக்கிறார்கள்.

ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்வதும் மணல்தான். வளர்ச்சியின் நடு மூன்றிலொரு பங்குக் காலத்தில் சூடு சுமார் 29 டிகிரியில் இருந்தால் இரண்டும் கலந்து வரும். அதற்குக் கீழே ஆண் அதிகம், மேலே பெண் அதிகம். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் வடபகுதியில் பிறந்த பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான முடிவில், இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண்ணாக இருந்தன. குஞ்சை வெளியிலிருந்து பார்த்து ஆண், பெண் சொல்ல முடியாது. வளர்ந்த பிறகுதான் ஆணுக்கு ஓட்டைத் தாண்டி நீளும் தடித்த வாலும், பெண்ணின் ஓட்டைப் பற்றிக்கொள்ள முன்துடுப்பில் வளைந்த நகமும் வரும்.

படி 6: குஞ்சுகள் வெளிவரும் இரவு

பொரித்தவுடன் குஞ்சுகள் மேலே வந்துவிடுவதில்லை. அடியிலிருந்து மேலே வர மூன்று நாள் முதல் ஒரு வாரம் ஆகும். மேலே இருப்பவை கூரையைச் சுரண்டும், அந்த மணல் கீழே விழும், அடியில் இருப்பவை அதை மிதித்துத் தரையாக்கும். மொத்தக் கூட்டமும் லிஃப்டில் வருவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். கோஸ்டா ரிகாவின் டோர்டுகெரோவில் ஆமைகளை ஆராய்ந்த ஆர்ச்சி கார், ஒற்றை ஒற்றை முட்டையாகப் புதைத்துப் பார்த்திருக்கிறார். அவற்றில் பெரும்பாலான குஞ்சுகள் மேலே வந்து சேரவில்லை. தனியாக இருக்கும் குஞ்சு பாதியில் ஓய்ந்துவிடுகிறது. பக்கத்தில் ஒன்று உதைத்தால்தான் இதுவும் உதைக்கும்.

மணல் லேசாக உள்வாங்கி ஒரு கிண்ணம்போலத் தெரிந்தால் இன்றோ நாளையோ என்று அர்த்தம். மேல்மணல் சூடாக இருக்கும் வரை குஞ்சுகள் அசையாமல் இருக்கும். இருட்டி மணல் குளிர்ந்ததும் கொதிக்கும் பானைபோலப் பொங்கி வெளிவரும். வந்ததும் ஒரு கணம் நிற்கும். பிறகு அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். மரமும் மணல்மேடும் இருட்டாக நிற்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டும். விளக்கு இல்லாத கரையில் வெளிச்சமான பக்கம் கடல்தான். தெருவிளக்கும் விடுதி விளக்கும் இருக்கும் கரையில் அந்தக் கணக்குத் தப்பிவிடும். மறுநாள் காலையில் குஞ்சுத் தடத்தைப் பாருங்கள்: விசிறிபோல ஒரே பக்கமாகக் கடலுக்குப் போயிருந்தால் சரி. சுற்றிச் சுற்றிச் சாலைப்பக்கம் போயிருந்தால் எந்த விளக்கு காரணம் என்று அந்தத் தடத்தின் திசையே காட்டிக்கொடுக்கும்.

கையில் எடுத்துக் கடலில் விட வேண்டும் என்று மனசு துடிக்கும். விடாதீர்கள். ஓடும் திசையும், பிறகு எதிரே வரும் அலையின் திசையும் சேர்ந்துதான் அதன் உடம்புக்குள் இருக்கும் காந்தத் திசையறியும் புலனுக்கு வழியைக் கொடுக்கின்றன. அலை மறைந்த ஆழ்கடலில் அதைப் பிடித்துக்கொண்டுதான் நீந்தும். படம் எடுக்க வாளித் தண்ணீரில் போட்டு வைப்பது இன்னும் மோசம். முதல் 24 மணி நேரம் நிற்காமல் நீந்துவதற்காக இருக்கும் முடுக்கத்தை அது வாளியைச் சுற்றியே தீர்த்துவிடும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு சில நாளைக்குத்தான் தாங்கும். நீங்கள் செய்யக்கூடிய உதவி: விளக்கை அணைப்பது, நாயை விரட்டுவது, மணலில் கிடக்கும் கால்தடப் பள்ளங்களை நிரவிவிடுவது, பிறகு குஞ்சுகளுக்கும் கடலுக்கும் நடுவே நிற்காமல் இருப்பது.

படி 7: கடலில் பார்க்கும்போது

கரையை விட்ட குஞ்சு பல ஆண்டுகள் நம் கண்ணில் படாது. மிதக்கும் சர்காசம் பாசிக் கூட்டங்களிலும் நீரோட்டங்களிலும் வளர்கிறது. தட்டை ஓட்டு ஆமைக்கு மட்டும் இந்த ஆழ்கடல் பருவம் கிடையாது. ஃப்ளோரிடாவில் பிறக்கும் பெருந்தலை ஆமைகள் வட அட்லாண்டிக் நீரோட்டத்தில் சுற்றி வருகின்றன. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் லோமனின் குழுவினர் தொட்டியைச் சுற்றிக் கம்பிச்சுருள் வைத்து, அந்தப் பாதையில் இருக்கும் வெவ்வேறு இடங்களின் காந்தப்புலத்தை உண்டாக்கியபோது, அந்தந்த இடத்துக்குப் பொருத்தமான திசையில் குஞ்சுகள் திரும்பி நீந்தின. 1996-இல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்ட அடெலிட்டா என்ற பெருந்தலை ஆமை, ஏறக்குறைய ஓர் ஆண்டில் பசிபிக்கைக் கடந்து ஜப்பான் பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் அந்த இனத்தின் வடபசிபிக் கூட்டம் முட்டையிடுகிறது.

முக்குளிக்கும்போதோ நீர்மேல் மிதந்து பார்க்கும்போதோ ஆமை தட்டுப்பட்டால், முதலில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். கடற்புல்லை ரம்ப விளிம்புத் தாடையால் கத்தரித்தால் வளர்ந்த பச்சை ஆமை. பாறை இடுக்கில் தலையை நுழைத்துக் கடற்பஞ்சைப் பிய்த்தால் அழுங்காமை. நத்தையையும் நண்டையும் நொறுக்குவது பெருந்தலை ஆமை. அந்தப் பெரிய தலை முழுக்கத் தாடைச் சதைதான். ஏழுவரி ஆமைக்கு ஜெல்லிமீன். அதன் தொண்டையில் உள்நோக்கிச் சாய்ந்த முட்கள் வழுக்கும் இரையைத் திரும்ப விடாது. அதே முட்களால்தான் விழுங்கிய பிளாஸ்டிக் பையும் வெளியே வர முடிவதில்லை. குளிர்ந்த நீரிலும் உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டு 1,200 மீட்டருக்கும் கீழே முக்குளிக்கும் ஆமை இது ஒன்றுதான்.

பாறை அடியில் அசையாமல் கிடந்தால் தூங்குகிறது. ஓய்வில் இருக்கும்போது இதயத் துடிப்பு குறைந்து, சில மணி நேரம்கூட மூச்சில்லாமல் இருக்கும். மேலே வந்தால் ஒரு புஸ் என்ற சத்தம், இரண்டு நொடிக்குள் பழைய காற்று வெளியே, புதுக் காற்று உள்ளே, மறுபடி இறக்கம். ஆனால் துரத்தினால் சேமித்த காற்று வேகமாகத் தீரும். வலையில் சிக்கித் திமிறும் ஆமை சில நிமிடங்களிலேயே இறந்துபோவது இதனால்தான். எனவே மேலே போகும் வழியை மறிக்காதீர்கள், தலைக்கு மேல் நீந்தாதீர்கள், பக்கவாட்டில் தள்ளி இருங்கள். கன்னத்துச் செதில்களின் வடிவம் ஒவ்வோர் ஆமைக்கும் வேறு. இரு கன்னங்களையும் தெளிவாகப் படம் எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டு அதே ஆமையை அடையாளம் காணலாம். ஏழுவரி ஆமைக்கு உச்சந்தலையில் இருக்கும் இளஞ்சிவப்புப் புள்ளி.

படி 8: ஒதுங்கிய ஆமையும் உங்கள் நோட்டும்

உயிரோடு ஒதுங்கிய ஆமையைக் கடலுக்குள் தள்ளிவிடாதீர்கள். முட்டையிட வந்திருந்தால் தானே போய்விடும். முடியாமல் கிடந்தால் மூழ்கிவிடும். நிழல் கொடுத்து, மூக்கை விட்டு ஈரத் துணி போர்த்தி, வனத்துறைக்கோ மீட்புக் குழுவுக்கோ தகவல் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வலையில் இருந்து எடுத்தது செத்ததுபோலக் கிடந்தாலும் உடனே எறியக்கூடாது. வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தைச் சுமார் 15 சென்டிமீட்டர் உயர்த்தி, நிழலில் ஈரமாக வைத்தால் நுரையீரலில் போன நீர் வடியும். சில ஆமைகள் பல மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கும். 24 மணி நேரம் வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

நோட்டில் தேதி, நடந்த தூரம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று, ஏற்ற நேரம், தடத்தின் அகலம், ஜோடியா மாறி மாறியா, முட்டையா வெற்று ஏற்றமா. இவ்வளவு போதும். எண்ணி முடித்த தடத்தின் குறுக்கே காலால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், நாளை அதையே மறுபடி எண்ணமாட்டீர்கள். ஒன்றும் தட்டுப்படாத இரவுக்கு எதுவும் எழுதாமல் விடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பத்து கிலோமீட்டர் நடந்து ஒரு தடமும் இல்லை என்பதும் ஒரு கணக்குதான். அந்தப் பக்கத்தில் தேதியைப் போட்டு, 0 என்று எழுதுங்கள்.